மீன்குஞ்சு வாங்க வேண்டாம், வழியை விடுங்கள்

அவலூர்பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "எங்க ஊர் ஓடையையும் அதையொட்டின சித்தேரியையும் இரண்டு வருஷமா நாங்களே சேர்ந்து சீர் பண்ணினோம். வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கினோம். குப்பையை அள்ளி, கரையைப் பலப்படுத்தினோம். போன ஐப்பசியில் தண்ணி நின்னது. ஆனா மீன் இல்லை. சின்ன வயசுல கெளுத்தியும் கெண்டையும் கையாலயே பிடிச்ச ஓடை இது. மீன்குஞ்சு வாங்கி விடலாம்னு பணம் திரட்டிட்டிருக்கோம். எத்தனை ஆயிரம் விடணும்?"

ஒன்றுகூட விட வேண்டாம். குறைந்தது இரண்டு மழைக்காலம் பொறுங்கள். திரட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதற்கு வேறு வேலை இருக்கிறது. மீன் இல்லை என்று நீங்கள் நினைப்பதே சரியா என்று முதலில் பார்ப்போம்.

ஓர் ஓடை வற்றி, பாழாகி, திரும்பத் தண்ணீர் கண்டால் அதில் மீன் எங்கிருந்து வரும்? மழையோடு வானத்திலிருந்து விழும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கொக்கும் நாரையும் காலில் முட்டையை ஒட்டிக்கொண்டு வரும் என்பார்கள். பறவைக் கதை முழுப் பொய்யில்லை. 2020இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் கெண்டை இன முட்டைகளை வாத்துகளுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு இரண்டு என்ற அளவில் சில முட்டைகள் எச்சத்தோடு சிதையாமல் வெளிவந்தன, அவற்றில் சில உயிரோடும் இருந்தன. ஆனால் இதை நம்பி ஓர் ஏரி உட்கார்ந்திருக்க முடியாது. மீன் வருவது தண்ணீர் வழியாக. பக்கத்தில் எங்கோ பிழைத்துக் கிடக்கும் தாய்மீன், வெள்ளம் வரும்போது நீந்தி வருகிறது. விஷயம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதன் விவரம்.

"பக்கத்தில்" என்றால் எவ்வளவு தூரம்? ஜெர்மனியில் சீரமைக்கப்பட்ட ஆற்றுப் பகுதிகள் பலவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டருக்குள் தாய்மீன் கூட்டம் இருந்த இடங்களில்தான் மீன் சீக்கிரம் திரும்பியது. அதற்கப்பால் எவ்வளவு அழகாக ஆற்றைச் செப்பனிட்டாலும் காத்திருப்பு நீண்டது. நம் ஊர் ஏரிச் சங்கிலிக்கு இந்த ஐந்து கிலோமீட்டர் நல்ல செய்தி. ஓர் ஏரியின் கோடியில் நின்று பார்த்தால் அடுத்த ஏரியின் கரை தெரிகிற வட்டாரம் உங்களுடையது.

அதனால் முதல் வேலை நடப்பது. தை, மாசியில், தண்ணீர் குறைந்த பிறகு, நாலைந்து பேர் சேர்ந்து ஓடையின் வழியே கீழே நடந்து போங்கள். உங்கள் பக்கம் ஒரு மேட்டுநிலம். ஓர் ஊர் ஓடை செய்யாற்றுப் பக்கம் திரும்பினால், அடுத்த ஊர் ஓடை சங்கராபரணி என்கிற வராக நதிப் பக்கம் இறங்கும். திருவண்ணாமலைப் பக்கத்துத் துரிஞ்சலாறு தென்பெண்ணைக்குப் போகிறது. உங்கள் ஓடை எங்கே போய்ச் சேருகிறது என்பது வரைபடத்தைவிட மாடு மேய்ப்பவருக்கு நன்றாகத் தெரியும். போகும் வழியில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடை வளைவில் இருக்கும் மடு, கைவிட்ட கல்குவாரிக் குட்டை, கோயில் குளம், பாலத்தடியில் மழைநீர் தோண்டிய பள்ளம், பாழ்கிணறு. அங்கேதான் உங்கள் மீன் இருக்கிறது. ஒரு வீச்சு வலை போட்டுப் பாருங்கள். பிடித்ததைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

தண்ணீரே இல்லாத இடத்திலும் சில மீன்கள் இருக்கும். விரால், கொரவை, தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை காற்றை நேரடியாக மூச்சிழுக்கத் தெரிந்தவை. ஈரச் சேற்றுக்குள் புதைந்து வறட்சியைக் கடத்திவிடும். பனையேறிக் கெண்டையை உலகத்துக்கு அறிமுகம் செய்தது நம் தரங்கம்பாடிதான். அங்கிருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, இந்த மீன் ஒரு பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அது வெளியானது. மரம் ஏறுவதைப் பிறகு வந்த அறிஞர்கள் சந்தேகித்தார்கள். செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலால் உந்தி, ஈரமான தரையில் இது நடந்து போகும் என்பதில் சந்தேகமே இல்லை. மழை பெய்த இரவில் வரப்பைத் தாண்டிப் போவதைப் பார்த்தவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

இப்படி நடக்கத் தெரியாத கெண்டைக்கும் கெளுத்திக்கும் அயிரைக்கும் ஆரலுக்கும் தண்ணீர் வழி மட்டும்தான் உண்டு. அந்த வழியைத்தான் நாம் அடைத்து வைத்திருக்கிறோம்.

புதுவெள்ளம் வரும் இரவில் ஏரிக்கோடியில் போய் நின்று பாருங்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் கலங்கல் சுவரின் மேல் வழிந்து, கீழே நுரைத்து விழும். டார்ச் அடித்தால் அந்த நுரைக்குள் விரல் நீளக் கெண்டைகள் நூற்றுக்கணக்கில் மேல்நோக்கி முகம் வைத்து நிற்பது தெரியும். வயிறு சினையால் புடைத்திருக்கும். ஒன்று எம்பும். சுவரின் பாதி உயரத்தில் மோதி விழும். கொஞ்ச நேரம் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று திரும்ப எம்பும். விடியும்வரை இதேதான். மேலே இருக்கும் ஆழமில்லாத, புல் முளைத்த, வெதுவெதுப்பான நீர்ப்பரப்பில் முட்டையிடத்தான் இந்தப் பாடு. "புதுத்தண்ணிக்கு மீன் ஏறுது" என்று ஊரில் சொல்வது இதைத்தான். அந்த நேரம் கீழே பறியும் கொசுவலையும் கட்டிவைத்து, ஏற முடியாமல் விழும் சினைமீனைக் கூடை கூடையாக அள்ளுவதும் நம் வழக்கமாக இருக்கிறது. ஒரு சினைக்கெண்டையின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை. உங்கள் ஏரிக்கு வர வேண்டிய மீன் அந்தக் கூடையில் போய்விடுகிறது.

திரட்டிய பணம் இங்கே செலவாகட்டும். பழைய கலங்கல்கள் பலவற்றில் கருங்கல் பாவிய சரிவு இருந்தது. அதில் மீன் தட்டுத் தடுமாறி ஏறிவிடும். சிமெண்டு பூசிச் செங்குத்தாக எடுத்துக் கட்டிய சுவரில் ஏற முடியாது. சுவரை இடிக்க வேண்டியதில்லை, இடிக்கவும் கூடாது. அதன் ஓர் ஓரத்தில், கீழ்ப்பக்கமாக, பெரிய கற்களை அடுக்கிச் சரிவு அமையுங்கள். ஓர் அடி உயரத்துக்கு இருபது அடி நீளம் என்ற கணக்கில் சரிவு மெல்ல இறங்க வேண்டும். கற்களைச் சமமாகப் பாவாதீர்கள். சில தூக்கலாக, சில பள்ளமாக இருக்கட்டும். ஒவ்வொரு கல்லின் பின்னாலும் தண்ணீர் சற்றே அடங்கும், மீன் அங்கே நின்று மூச்சு வாங்கி அடுத்த கல்லுக்குத் தாவும். சின்ன மீனுக்காகச் செய்யும் வேலை என்பதால் பெரிய பாய்ச்சல் எதுவும் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. பொதுப்பணித்துறையின் பழைய ஏரியானால் நீர்வளத்துறைப் பொறியாளரிடமும், ஒன்றியத்து ஏரியானால் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே ஒரு கல்லையும் நகர்த்துங்கள். கரைக்குச் சேதம் வந்தால் ஊரே அனுபவிக்கும்.

சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்களையும் பாருங்கள். குழாயின் கீழ்வாய் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கினால் மீனுக்கு அது மூடிய கதவு. வாயின் கீழே கல் போட்டு மட்டத்தை உயர்த்தினால் போதும், அரைநாள் வேலை.

வழி திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் மாவட்டமே சாட்சி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை மீறியது. வீடும் பயிரும் இழந்தவர்களின் துயரம் பெரிது, அதை மறந்து பேசவில்லை. மீனைப் பொறுத்தவரை, பல வருடமாகத் துண்டு துண்டாகக் கிடந்த ஏரியும் ஓடையும் ஆறும் ஒன்றோடொன்று கைகோத்த நாட்கள் அவை. நந்தன் கால்வாயையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். துரிஞ்சலாற்றில் கீரனூர் அணையில் தொடங்கி, சுமார் 38 கிலோமீட்டர் ஓடி, வழியில் வரிசையாக ஏரிகளை நிரப்பிப் பனமலை ஏரியில் முடியும் பழைய கால்வாய் அது. பல்லவர் காலத்தது என்கிறார்கள். அதைச் சீர்செய்யச் சொல்லி உழவர்கள் தலைமுறைகளாகக் கேட்டு வந்தது பாசனத்துக்காக. தண்ணீர் போகிற வழியெல்லாம் மீனுக்கும் வழி.

வந்த மீன் கோடையைத் தாண்ட வேண்டும். தூர்வாரும்போது நாம் செய்யும் பெரிய தவறு, ஏரியின் தரையைத் தாம்பாளம்போல் சமமாகச் சுரண்டிவிடுவது. ஜேசிபிக்காரருக்கு அதுதான் சுலபம், பார்க்கவும் சுத்தமாகத் தெரியும். ஆனால் பங்குனியில் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே நாளில் வற்றிவிடும், மீன் ஒதுங்க இடம் இருக்காது. மதகுக்குப் பக்கத்திலோ ஓடை வந்து சேரும் இடத்திலோ ஒரு மடு விடுங்கள். மற்ற தரையைவிட ஓர் ஆள் ஆழம் கூடுதலாக, கரையின் அடியிலிருந்து தள்ளி இருக்கட்டும். அந்த மடுவில் சித்திரை, வைகாசிக்கு வலை போடுவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுங்கள். வண்டல் எடுக்க இப்போது வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. அந்த அனுமதியோடு எடுக்கும் மண்ணை மடு அமையும் இடத்தில் எடுக்கச் சொன்னால் உழவருக்கும் லாபம், மீனுக்கும் லாபம்.

ஓரத்துக் கோரையையும் அல்லியையும் முழுக்கப் பிடுங்காதீர்கள். ஆகாயத்தாமரையை விட்டுவைக்கவே கூடாது, அது வேறு கதை. கோரைத் தண்டுகளுக்கு நடுவேதான் விரால் இடம் ஒதுக்கி முட்டையிடும். குஞ்சு பொரித்ததும் செந்நிறத்தில் கைப்பிடி அளவு பந்தாகச் சேர்ந்து மேலே வந்து வந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் சுற்றிக்கொண்டே காவல் இருக்கும். இந்தச் சிவப்புப் பந்தைப் பார்த்ததும் தவளைக் குஞ்சைத் தூண்டிலில் கோத்துப் போட்டுத் தாய் விராலை இழுப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தாய் போனதும் அரைமணி நேரத்தில் மற்ற மீன்கள் அந்தப் பந்தைத் தின்று தீர்த்துவிடும். ஒரு விராலுக்காக நூற்றுக்கணக்கான விராலை இழப்பது இது. உங்கள் இளைஞர்களிடம் இதை மட்டுமாவது கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

தண்ணீரின் தரம் பற்றி நீங்கள் எழுதவில்லை. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கினால் இரவில் காற்றுச் சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். சாக்கடையோ, மக்கிய ஆகாயத்தாமரையோ, வயலில் அடித்த மருந்தோ காரணமாக இருக்கும். முதல் மழையில் வயலிலிருந்து வரும் தண்ணீரை நேரே ஏரிக்குள் விடாமல் புல் வளர்ந்த ஒரு பள்ளத்தில் தேக்கிவிட்டு அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இத்தனையும் செய்தால் எந்த மீன் முதலில் வரும்? அயிரை, பொடிக்கெண்டை போன்ற சின்ன மீன்கள். பிறகு கெளுத்தி. இரை மீன் பெருகிய பிறகு விரால். பெரிய மீன் இல்லையே என்று முதல் வருடம் மனம் உடைய வேண்டாம், பொடிமீன் வந்துவிட்டால் வேலை சரியாக நடக்கிறது. விலாங்குக்கு மட்டும் என்னால் உறுதி சொல்ல முடியாது. அது கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வரும் மீன். சங்கராபரணியில் 1950களின் கடைசியில் வீடூர் அணை கட்டியபிறகு அதற்கு மேலே ஏறுவது விலாங்குக்குப் பெரும்பாடு.

இனி ஏன் குஞ்சு விடக் கூடாது என்பதற்கு வருகிறேன். பண்ணையில் கிடைப்பது கட்லா, ரோகு, மிர்கால். வடக்கே கங்கைப் பக்கத்து மீன்கள். நல்ல மீன்கள்தான், வளர்த்து விற்கலாம். ஆனால் தேங்கிய ஏரியில் அவை முட்டையிடுவதில்லை. வருடா வருடம் வாங்கி விட வேண்டும். அது மீன் வளர்ப்பு, ஓடைக்கு உயிர் திரும்புவது ஆகாது. இரண்டாவது, குஞ்சுப் பையில் வேறு என்ன கலந்து வருகிறது என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும், வருடத்தில் பலமுறை பெருகும். இன்று அது இல்லாத ஏரியைத் தேட வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க நாட்டில் தடை இருக்கிறது, ஆனாலும் குட்டைகளில் இருக்கிறது, வெள்ளத்தில் தப்பி ஏரிக்கு வருகிறது. வீட்டுத் தொட்டியில் கண்ணாடி நக்கும் டேங்க் கிளீனர் மீனை இரக்கப்பட்டு ஏரியில் விடுகிறவர்கள் உண்டு. அது கரையில் வளை தோண்டும், வலையைக் கிழிக்கும். தயவுசெய்து விடாதீர்கள்.

லண்டனின் தேம்ஸ் ஆற்றில் நடந்ததைச் சொல்கிறேன். 1957இல் அந்த ஆற்றின் நகரப் பகுதியில் உயிரே இல்லை என்று அறிவித்தார்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து ஆற்றைத் தேற்றினார்கள். பல வகை மீன்கள் தாமாகவே திரும்பின. சால்மன் மட்டும் வர வேண்டும் என்று 1970களின் கடைசியில் தொடங்கி ஆண்டுதோறும் பண்ணைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பிறகு 2005 முதல் 2008 வரை பிடிபட்ட சால்மன்களின் மரபணுவை எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. பெரும்பாலானவை பண்ணைக் குஞ்சுகளின் வழி வந்தவை அல்ல, தெற்கு இங்கிலாந்தின் பக்கத்து ஆறுகளிலிருந்து வழிதவறி ஏறி வந்தவை. அத்தனை ஆண்டுச் செலவு செய்யாததை ஆறு தானே செய்துகொண்டது.

கீழே அணையோ சுவரோ நிரந்தரமாகத் தடுத்து, ஐந்தாறு கிலோமீட்டருக்குள் தாய்மீனே இல்லை என்று இரண்டு வருடம் பார்த்து உறுதியானால் அப்போது யோசிக்கலாம். அப்போதும் பண்ணைக்குப் போகாதீர்கள். அதே ஆற்றின் கீழ்ப்பகுதி மடுவிலிருந்து நாட்டு மீனைக் கொஞ்சமாக எடுத்து, மீன்வளத்துறை ஆய்வாளரிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மீன் வந்ததும் ஏலம் வரும். ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் ஆர்வரி என்று ஓர் ஆறு. பல பத்தாண்டு வறண்டு கிடந்தது. ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கத்தோடு சேர்ந்து அங்குள்ள ஊரார் 1980களின் நடுவிலிருந்து சிறு தடுப்பணைகளாகக் கட்டினார்கள். 1990களின் நடுவில் ஆறு ஆண்டு முழுவதும் ஓடத் தொடங்கியது. மீன் தானாக வந்தது. உடனே 1996இல் அரசு அந்த மீனைப் பிடிக்க வெளியாள் ஒருவருக்குக் குத்தகை கொடுத்தது. ஊரார் எதிர்த்து நின்றார்கள், குத்தகை ரத்தானது. அந்த அனுபவத்திலிருந்துதான் சுமார் 70 ஊர்கள் சேர்ந்து ஆர்வரிக்கென ஒரு நதி நாடாளுமன்றத்தையே அமைத்துக்கொண்டன. உங்கள் ஏரியின் மீன்பாசி குத்தகை யாரிடம் இருக்கிறது, எப்போது முடிகிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். குத்தகைதாரர் பகை அல்ல. மடுவை விட்டுவைப்பதும், முதல் வெள்ளத்தில் பத்து நாள் வலை வைக்காததும் அடுத்த வருடம் அவருக்கே கூடுதல் மீன் என்று உட்கார்ந்து பேசினால் பலர் ஒப்புக்கொள்வார்கள். முடிந்தால் அடுத்த ஏல நிபந்தனையிலேயே அதை எழுத வையுங்கள்.

பேச்சில் உங்கள் பக்கத்து இருளர் குடும்பங்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் எந்த மடுவில் எந்த மீன் கோடையைக் கழிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பறி வைத்துப் பிழைப்பவர்களிடம் பறி வைக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமும் ஆகாது. அந்தப் பத்து நாள் காவலை அவர்களுக்கே கூலி கொடுத்து ஒப்படையுங்கள். குஞ்சுக்கென்று வைத்திருந்த பணத்தில் அதற்கும் இடமிருக்கும்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே வலையை மூன்று முறை வீசி, கிடைத்த மீனின் ஊர்ப்பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி, மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். சந்தையில் மீன் விற்கும் அம்மாக்களிடம் பெயர் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பெயரே போதும். போன ஐப்பசியில் மீன் இல்லை என்றீர்கள். வலை போட்டுப் பார்த்தீர்களா, கண்ணால் பார்த்ததா? கலங்கிய தண்ணீரில் அயிரை கண்ணுக்குத் தெரியாது.

வரும் ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கும் இரவு, இரண்டு பேர் டார்ச்சோடு கோடியில் இருங்கள். கல் சரிவின் மேல் முதல் கெண்டை ஏறியதும் தேதியையும் நேரத்தையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். அடுத்த ஏரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டும்.